வெளிநாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் ஊரில் தேட வேண்டியவை

ஆரணியில் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படி இறங்கும்போது நம்மிடம் வந்து நிற்பவர்கள் முன்பெல்லாம் கேட்டது பாகப்பிரிவினை, தலாக், நேர்ச்சை பற்றிய மஸாயில்கள். இப்போது சிலர் பிளாஸ்டிக் ஃபைலோடு வருகிறார்கள். தறிக்காரர், ஜரிகை வியாபாரி, அரிசி மண்டிக்காரர் ஆகியோரின் பிள்ளைகள் கணினியும் நர்ஸிங்கும் படித்து லண்டன், டொரன்டோ, சிட்னி என்று போய்விட்டார்கள். போய் ஆறேழு வருடமானதும் அங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறார்கள். அங்கே கேட்கிற தாள் இங்கேதான் இருக்கிறது. தேடி அலைவது வயதான தாய் தகப்பன்.

அப்படி வந்த ஒரு தாயார் தரையில் விரித்து வைத்த மூன்று தாள்களை நாம் மறக்கவில்லை. நகராட்சி பிறப்புச் சான்றிதழில் மகனின் பிறந்த தேதி ஒன்று. பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறொன்று. நிக்காஹ் தஃப்தரில் மாப்பிள்ளையின் தகப்பனார் பெயர், சான்றிதழில் இருப்பதைவிட ஒரு சொல் குறைவு. "ஹஜ்ரத், மூணுமே எம் புள்ளதான். ஆஸ்திரேலியாக்காரன் நம்ப மாட்டேங்கிறானே" என்றார்.

இத்தனை வருடம் அந்த நாட்டில் உழைத்தோம், வரி கட்டினோம், குடியுரிமை தானாக வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். எந்த நாட்டுச் சட்டமும் அப்படி இல்லை. எந்தத் தேதியில் எங்கே இருந்தாய், அதற்கு எந்தத் தாள் சாட்சி என்பதையே அது கேட்கிறது. இதில் தமிழ்நாட்டு மக்கள் மிகப் பெரிய விலை கொடுத்த இடம் இலங்கை என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

இலங்கையில் நடந்தது

வெள்ளையர் காலத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அங்கேயே பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்தார்கள். 1947 தேர்தலில் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948 பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவர் என்பது மட்டும் போதாது, அவருடைய தகப்பனாரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. அல்லது தகப்பனார் வழிப் பாட்டனாரும் முப்பாட்டனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்குத் தன் பிறப்புக்கே பதிவு இருப்பது அரிது. தகப்பனார் பிறந்ததற்கு எங்கே போவார்?

அவர்களுக்கென்று 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் என்று பெயர். விண்ணப்பம் போட்டுக் குடியுரிமை பெறும் சட்டம் அது. 1946 ஜனவரி 1க்கு முன், திருமணமானவர் ஏழு ஆண்டும் ஆகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வசித்ததாக நிரூபிக்க வேண்டும். கெடு இரண்டு ஆண்டு, 1951 ஆகஸ்ட் 5 வரை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. பிறகு மனம் மாறியது. அதனால் விண்ணப்பங்களில் பெரும்பகுதி கடைசி மாதங்களில் அவசர அவசரமாகப் போய்ச் சேர்ந்தன. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு விசாரணைக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர்தான்.

மற்றவர்கள் பொய் சொன்னவர்கள் அல்லர். ஊருக்குப் போய்வந்த தேதிக்குச் சான்று இல்லாதவர்கள், நீண்ட நாள் ஊரில் தங்கிவிட்டவர்கள், விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவர் ஒரு பெயரை மாற்றி எழுதிவிட்டதால் சிக்கியவர்கள் என்று பல வகையினர். கொழும்பில் கடை வைத்திருந்த காயல்பட்டினம், கீழக்கரைப் பகுதி முஸ்லிம்களும் இதே சட்டத்தின் கீழ்தான் வந்தார்கள். இலங்கை முஸ்லிம்களோடு தொழுதார்கள், சம்பந்தம் செய்தார்கள். ஆனாலும் சட்டத்தின் கணக்கில் அவர்கள் இந்திய வதிவாளர்கள்.

மீதிப் பேரை என்ன செய்வது என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்ததுதான் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. பாக்கி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினைப் பத்திரங்கள் நாமும் எழுதியிருக்கிறோம். மனிதர்களைப் பிரித்த பத்திரம் இது ஒன்றுதான் நமக்குத் தெரிந்து. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலருக்குக் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. பலருக்கு எதுவும் சரியாகக் கிடைக்கவில்லை. இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களின் விவகாரம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டத்தில்தான் தீர்ந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியும் குடிமக்கள் என்றது அது. முதல் சட்டம் வந்து 55 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நம் நாட்டுக்கு வந்தவர்கள்

இதன் மறுபக்கம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1983க்குப் பிறகு படகில் வந்து இறங்கிய இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வசிக்கிறார்கள். 2021 முதல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். ஆனால் பெயர் மாறியதால் குடியுரிமை வந்துவிடவில்லை.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955இல் வந்தது. வெளிநாட்டவர் ஒருவர் பிரிவு 6இன்படி இயல்புரிமை கேட்க, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்தும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டும் இங்கே வசித்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தமிழும் அந்த அட்டவணையில் இருக்கிறது. நாற்பது ஆண்டு இங்கே இருப்பவருக்கு இதில் என்ன தடை என்று கேட்கத் தோன்றும். தடை 2003 திருத்தத்தில் இருக்கிறது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தவரும் அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரும் சட்டவிரோதக் குடியேறிகள். அவர்கள் பதிவு வழியிலும் விண்ணப்பிக்க முடியாது, இயல்புரிமை வழியிலும் முடியாது. குண்டுக்குத் தப்பிப் படகேறியவர் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டா ஏறியிருப்பார்?

முகாம்களில் இருந்த 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றது. அவர்கள் மேலே சொன்ன மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள். பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து போனார், பேரன் தமிழ்நாட்டுக்கே திரும்பினான், சட்டத்தின் ஏட்டில் அவன் அயலான். அதே 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைச் சேர்ந்த ஆறு மதத்தவருக்கு மட்டும் இந்தத் தடையை நீக்கியது. அதில் முஸ்லிம்களும் இல்லை, இலங்கைத் தமிழர்களும் இல்லை. விதிகள் 2024 மார்ச் 11 அன்று வெளியாயின. அந்தச் சட்டம் பற்றி இந்தப் பக்கங்களில் நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே தேதியின் வலிமைக்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும்.

1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் இலங்கைக்காரர்கள். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர் என்பது சட்டம். அந்தப் பெண் வளர்ந்து நீதிமன்றம் போய் 2022இல் தன் உரிமையை நிலைநாட்டினார், இந்தியப் பாஸ்போர்ட் பெற்றார், 2024 தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். அவர் யாரிடமும் புதிதாகக் குடியுரிமை வாங்கவில்லை. பிறந்த அன்றே இருந்ததை ஒரு பிறப்புச் சான்றிதழால் காட்டினார், அவ்வளவுதான். அவர் பிறந்தது பதினைந்து மாதம் பிந்தியிருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் போகும் நாடுகள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் அந்தந்த அரசின் இணையதளத்தையே கடைசி வார்த்தையாகக் கொள்ள வேண்டும்.

கனடாவில் விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் உடலளவில் அங்கே இருந்திருக்க வேண்டும். நிரந்தர வசிப்புரிமை கிடைப்பதற்கு முன் மாணவராகவோ தொழிலாளராகவோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகக் கணக்கில் வரும், அதிகபட்சம் 365 நாள். பிரிட்டனில் பொதுவாக ஐந்து ஆண்டு. அதில் வெளியே கழித்த நாட்கள் 450ஐத் தாண்டக் கூடாது, கடைசி ஓராண்டில் 90ஐத் தாண்டக் கூடாது. பிரிட்டிஷ் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவருக்கு மூன்று ஆண்டு போதும். ஆனால் பிரிட்டனில் பள்ளிவாசலில் நிக்காஹ் மட்டும் ஓதி, அரசுப் பதிவு செய்யாமல் விட்டால், அது அந்த நாட்டுச் சட்டத்தில் திருமணமே அல்ல. நம் பெண்கள் சிலர் இதைக் காலம் கடந்து அறிகிறார்கள். ஆஸ்திரேலியாவில் நான்கு ஆண்டு சட்டப்படியான வசிப்பு, அதில் கடைசி ஓராண்டு நிரந்தர வசிப்புரிமையோடு இருக்க வேண்டும். மூன்று நாட்டிலும் அந்த நாட்டைப் பற்றிய தேர்வு உண்டு. மலேசியாவில் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு 12 ஆண்டில் 10 ஆண்டு வசிப்பையும் மலாய் மொழியறிவையும் கேட்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம்.

வளைகுடா நாடுகளில் முப்பது ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை கிடைப்பது மிக அரிது. அமீரகம் 2021 முதல் சில வல்லுநர்களுக்குக் குடியுரிமை தருகிறது, அதுவும் அரசே பெயர் முன்மொழிந்தால்தான். கோல்டன் விசா என்பது பத்தாண்டு வசிப்பு அனுமதி, குடியுரிமை அல்ல. அதைக் குடியுரிமை என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

பயண நாட்கள் பற்றி ஒரு வார்த்தை. தகப்பனார் ஜனாஸாவுக்கு வந்தது, தங்கை கல்யாணத்துக்கு வந்தது, உம்ரா போனது எல்லாம் வெளியே இருந்த நாட்கள்தான். 1951இல் தோட்டத் தொழிலாளியிடம் இலங்கை அரசு கேட்ட கேள்வியும் இதுதான். அவரிடம் பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை, நம்மிடம் இருக்கிறது. காலாவதியான பாஸ்போர்ட்டைப் பரணில் போடாமல் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

கைவிட்டுப் போவது

ஃபைலோடு வருபவர்கள் புதியதை எப்படிப் பெறுவது என்று கேட்கிறார்கள். பழையது என்ன ஆகும் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. குடியுரிமைச் சட்டம் பிரிவு 9இன்படி, இந்தியர் ஒருவர் தம் விருப்பத்தோடு வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணமே அவருடைய இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. கடிதம் வராது, நோட்டீஸ் வராது. கனடாவோ பிரிட்டனோ ஆஸ்திரேலியாவோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதால் இந்தியாவும் ஏற்கும் என்று நினைப்பது தவறு. பாஸ்போர்ட் இன்னும் நாலு வருடம் செல்லும் என்று அதையே காட்டி ஊருக்கு வருகிறவர் பாஸ்போர்ட் சட்டத்தின்படி குற்றம் செய்கிறார். பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் விசா, ஓ.சி.ஐ. அட்டை எதுவும் நகராது.

ஓ.சி.ஐ. என்பது 2005 சட்டத் திருத்தத்துக்குப் பின் வந்த அட்டை. பெயரில் 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' என்று இருக்கிறதே தவிரக் குடியுரிமை அல்ல. வாழ்நாள் முழுதும் விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. களம்பூர்ப் பக்கம் ரெண்டு ஏக்கர் நஞ்சை வாங்கிப் போடலாம் என்று அங்கிருந்து பணம் அனுப்பத் திட்டமிடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தகப்பனார் நிலம் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இங்கே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். துபாயில் இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவரை படிவம் 6ஏ மூலம் வாக்காளராகி, நேரில் வந்து வாக்களிக்கலாம். லண்டனில் குடிமகனானவரால் அது முடியாது.

நம் சமுதாயத்துக்கென்றே இரண்டு விஷயம். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ எப்போதாவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் ஓ.சி.ஐ. கிடைக்காது. பிரிவினைக் காலத்தில் கராச்சிக்குப் போய் ஓரிரு ஆண்டில் திரும்பிய உறவுகள் வட ஆற்காட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் உண்டு. போனவர் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றாரா என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அடுத்தது, 2021 மார்ச் 4 அறிவிக்கையின்படி ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர் தப்லீக் பணியில் ஈடுபடச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். மதப் பிரசாரம், பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கும் அப்படியே. ஊருக்கு வந்த இடத்தில் மூன்று நாள் ஜமாஅத்தில் கிளம்பிவிடலாம் என்று எண்ணும் சகோதரர்கள் முதலில் அனுமதியைப் பார்த்துக்கொள்ளட்டும். பள்ளியில் தொழுவதற்கும் பயான் கேட்பதற்கும் இதில் தடையில்லை.

பிள்ளைகள் கணக்கு

சிங்கப்பூரில் 1998 டிசம்பரில் ஒரு தமிழ்த் தம்பதியர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார்கள். அப்போது மனைவி கருவுற்றிருந்தார். 1999 மார்ச்சில் மகன் பிறந்தான். வளர்ந்த பிறகு தனக்கு இந்தியக் குடியுரிமையைத் திரும்பத் தர வேண்டும் என்று சட்டத்தின் பிரிவு 8ஐக் காட்டிக் கேட்டான். பெற்றோர் குடியுரிமையைத் துறந்தால் அவர்களுடைய சிறு பிள்ளைகள் பெரியவர்களானதும் ஓராண்டுக்குள் அதை மீட்டுக்கொள்ளலாம் என்பது அந்தப் பிரிவு. சென்னை உயர் நீதிமன்றம் அவன் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் அதை மாற்றியது. பெற்றோர் தாங்களாக எழுதிக் கொடுத்துத் துறக்கவில்லை, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற அன்றே பிரிவு 9இன்படி அவர்களுடையது தானாக முடிந்துவிட்டது, ஆகவே மீட்கும் உரிமை பிள்ளைக்கு இல்லை என்றது தீர்ப்பு. எழுதிக் கொடுத்துத் துறப்பதும் தானாக முடிவதும் வீட்டில் பேசும்போது ஒன்றுதான். பிள்ளைக்கு அது இரண்டு.

வளைகுடாவில் பிறக்கும் குழந்தை பற்றி இன்னும் அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே பிறந்ததால் அந்நாட்டுக் குடியுரிமை வராது. பெற்றோர் இந்தியர் என்பதாலும் தானாக வந்துவிடாது. 2004 டிசம்பர் 3க்குப் பின் வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி தர வேண்டும். ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் அனுமதி தேவை. அகீகா ஏழாம் நாள், தூதரகம் நாற்பது கழிந்ததும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஊரில் உள்ள தாள்கள்

இனி மூன்று தாளுக்கு வருவோம். வெளிநாட்டு விண்ணப்பங்கள் இழுபடுவதற்கு நாம் கண்டவரை பெரும்பாலும் காரணம் பெயரும் தேதியும்தான்.

தமிழ் முஸ்லிம் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்து உண்டு. மேல்நாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்க முடியாது. அங்கே போன பிறகு தகப்பனார் பெயரை விரித்து எழுதுகிறார்கள், அல்லது தன் பெயரையே இரண்டாக உடைக்கிறார்கள். 'முஹம்மது' ஆங்கிலத்தில் நாம் அறிய ஏழெட்டு விதமாக எழுதப்படுகிறது. சில சமயம் இரண்டெழுத்துச் சுருக்கம். பெண்களுக்கு பேகம், பீ, பானு, நிஸா ஆகியவை ஒரு தாளில் சேரும், ஒரு தாளில் விடுபடும். ஷேக், சையது, கான் என்பவை முன்னாலும் பின்னாலும் மாறும். நமக்கு எல்லாம் ஒருவர்தான். படிவம் பார்க்கும் அதிகாரிக்கு ஏழு பேர்.

தேதி விஷயம் இன்னும் எளிது, இன்னும் மோசம். ஜூனில் பள்ளியில் சேர்க்க வயது போதவில்லையென்று வாத்தியார் போட்ட தேதி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி, அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்குப் போய்விட்டது. உண்மைத் தேதி நகராட்சி ஏட்டில் அமைதியாக இருக்கிறது. முப்பது வருடம் கழித்து இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கின்றன.

இதற்குச் செய்ய வேண்டியது, வெளிநாடு கிளம்பும் முன்பே எல்லாத் தாளையும் ஒரு நாள் வரிசையாகப் பரப்பி ஒத்துப் பார்ப்பது. பாவு ஓட்டும்போது இழை அறுந்ததைத் தறியேற்றும் முன் முடிந்துவிடுவது ஆரணியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நெய்த பிறகு அது புடவையில் தெரியும்.

பிறப்புச் சான்றிதழில் வெறும் 'ஆண் குழந்தை' என்று இருந்தால் பெயர் சேர்க்க வேண்டும். பெயர் சேர்க்கச் சட்டப்படி 15 ஆண்டு வரைதான் காலம். பழைய பதிவுகளுக்கு அரசு அவ்வப்போது சலுகை நீட்டித்திருக்கிறது, நகராட்சியில் இப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறப்பே பதிவாகவில்லை என்றால், ஓராண்டு தாண்டியவற்றுக்குக் கோட்டாட்சியர் ஆணை தேவை. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதிச் சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றே, பள்ளிச் சான்றிதழ் செல்லாது. பெயர் மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடலாம். வெளிநாட்டுக்குப் போகும் சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை கேட்பார்கள். 2005 முதல் இந்தியா அந்த உடன்படிக்கையில் இருக்கிறது.

திருமணத்துக்கு ஜமாஅத் தஃப்தர் நகல் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணமும் அரசுப் பதிவாளரிடம் பதியப்பட வேண்டும். ஆனால் அந்தப் பதிவுக்கு அடிப்படை நம் தஃப்தர்தான் என்பதால் குறை நம்மிடமும் இருக்கிறது. சில பழைய ஏடுகளில் ஹிஜ்ரி தேதி மட்டும். சிலவற்றில் மணமகளின் பெயரே வீட்டுச் செல்லப் பெயர். மஹர் கொலுசு எத்தனை கிராம் என்று துல்லியமாக எழுதியவர், பிறந்த தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதை பயானில் சொல்கிறோம். நம் ஏட்டை நாம் அப்படி எழுதினோமா? இப்போது ஆதார், பாஸ்போர்ட் இரண்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பார்த்து, மூன்று தேதியும் போட்டு எழுதுகிறோம். கல்யாண வீட்டார் சலித்துக்கொள்கிறார்கள், பிரியாணி ஆறிவிடுகிறதாம்.

ஊரிலேயே இருப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள், 2025 இறுதியில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்குப் படிவம் வந்தபோது, இருபது வருடம் முந்தைய பட்டியலில் பெற்றோர் பெயரைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார்கள்.

உறுதிமொழி

கடைசிக் கட்டம் உறுதிமொழி விழா. அதில் மன்னருக்கு விசுவாசம் சொல்வது கூடுமா என்று கேட்கிறார்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் சத்தியம் செய்யலாம், அல்லது அதில்லாமல் உறுதி மட்டும் கூறலாம். ஆஸ்திரேலிய வாசகத்திலும் இரண்டு வடிவம் உண்டு. நாட்டின் சட்டத்தை மதிப்பேன் என்ற அளவில் அது ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றும் கட்டளையோடுதான் சூரத்துல் மாயிதா தொடங்குகிறது. மக்காவிலிருந்து ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் போன ஸஹாபாக்கள் கிறிஸ்தவ மன்னர் நஜாஷியின் நாட்டில் ஆண்டுக்கணக்கில் அவருடைய பாதுகாப்பில் வாழ்ந்தார்கள். ஆகவே வாசகத்தை முன்கூட்டியே படித்துப் புரிந்து, நிறைவேற்றும் எண்ணத்தோடு சொல்பவர் மீது குற்றமில்லை என்பது நம் கருத்து. படிவத்தில் பொய் எழுதிவிட்டு உறுதிமொழி வாசகத்துக்கு மட்டும் ஃபத்வா தேடுபவருக்கு நம்மிடம் பதில் இல்லை.

அந்தத் தாயாரின் மகன் விண்ணப்பத்தை இன்னும் போடவில்லை. முதலில் பாஸ்போர்ட்டில் தேதியைத் திருத்தச் சிட்னியில் உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நகராட்சிச் சான்றிதழின் புது நகலும் தஃப்தரின் திருத்திய நகலும் போன மாதம் கூரியரில் போயின. தகப்பனார் பெயரில் விடுபட்ட சொல்லை ஏட்டில் சேர்த்து, பக்கத்தில் இன்றைய தேதியிட்டு, ஜமாஅத் முத்தவல்லியும் நாமும் கையெழுத்திட்டோம்.